இரண்டு பஞ்சாங்கமும் ஒரு ரத்த தான முகாமும்

எங்கள் சபாவில் எந்த விஷயத்துக்கும் முதலில் எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். சண்டை அதற்குப் பிறகுதான். கொல்கத்தாவில் லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கும் இரண்டு மாடிக் கட்டடம். கீழே ஹால், மேலே சின்னதாக ஒரு முருகன் சந்நிதி. நான் அதன் காரியதரிசி. யாரும் என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை. முன்பு இருந்தவர் பெங்களூரில் மகன் வீட்டோடு போய்விட்டார். அந்த வாரக் கூட்டத்துக்கு நான் ஜாதவ்பூரிலிருந்து டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டு இருபது நிமிடம் தாமதமாக வந்தேன். வந்து உட்காருவதற்குள் பதவி என் மடியில் விழுந்துவிட்டது.

காரியதரிசி என்றால் கடிதம் எழுதும் வேலை என்று நினைத்தேன். உண்மையான வேலை தபால்காரி வேலை. எங்கள் தலைவர் மாமாவும் மாடியில் இருக்கும் குருக்களும் பல வருஷமாக நேரில் பேசுவதில்லை. ஒரே அறையில், ஒரே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, "அவர்கிட்ட சொல்லும்மா" என்பார் ஒருவர். நான் திரும்பி வாயைத் திறப்பதற்குள் மற்றவர், "கேட்டுண்டுதான் இருக்கேன்னு சொல்லும்மா" என்பார். நான் சொன்னதும் இல்லை, சொல்லாமல் இருந்ததும் இல்லை. நடுவில் உட்கார்ந்து தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிக் கழுத்துவலி வந்ததுதான் மிச்சம்.

சண்டைக்குக் காரணம் பஞ்சாங்கம். தமிழர்களுக்கு வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு உண்டு. பெரும்பாலான நாட்களில் இரண்டும் ஒத்துப்போகும். ஒத்துப்போகாத நாளில் ஒரே தெருவில் இரண்டு பண்டிகை நடக்கும். குருக்கள் வாக்கியம். தலைவர் மாமா வங்கியில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், திருக்கணிதம். ஒரு வருஷம் கந்தசஷ்டி ஒருநாள் முன்னே பின்னே வர, மாமா பட்டு வேட்டி கட்டிக்கொண்டு பால்குடத்தோடு வந்தபோது சந்நிதி பூட்டியிருந்தது. "நேத்தே ஆயிடுத்தே" என்றாராம் குருக்கள். அவ்வளவுதான். அந்தப் பாலைக் காப்பி போட்டுக் குடித்தார்களா என்பதை இன்றுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இந்த இரண்டு பேரும் ஒரே விஷயத்தில் மட்டும் ஒரே பக்கம் இருந்தார்கள். அது எங்கள் பூக்காரி விஷயம்.

அவள் வங்காளிப் பெண். மார்க்கெட் வாசலில் மல்லிகையும் வாழையிலையும் விற்பவள். வாடிக்கையெல்லாம் மாமிகள் என்பதால் அவள் பேசும் தமிழ் நான் பேசுவதைவிட ஆசாரமாக இருக்கும். எங்கள் பூர்வீகம் தென்காசிப் பக்கம், நான் "வாங்க" என்றால் அவள் "வாங்கோ" என்பாள். என்னை மட்டும் வங்காளி வழக்கப்படி தீதி, அதாவது அக்கா, என்று கூப்பிடுவாள். அவளுக்குப் பதினான்கு வயதில் ஒரு மகள், தலசீமியா. மூன்று வாரத்துக்கு ஒருமுறை அந்தப் பெண்ணுக்கு ரத்தம் ஏற்ற வேண்டும். மற்ற மாதங்களில் எப்படியோ கிடைத்துவிடும். மே மாத வெயிலில் ஊரே சுருண்டு கிடக்கும்போது முகாம்கள் நடக்காது, ரத்த வங்கியின் பெட்டிகள் காலியாகும். முகாமில் ரத்தம் கொடுத்தவரின் டோனர் கார்டு ஒன்று கையில் இருந்தால் அதைக் காட்டி வாங்கலாம். அந்த வருஷம் அவளிடம் ஒரு கார்டும் இல்லை. போன முறையே ஆறு நாள் தள்ளிப்போய்விட்டது. அடுத்த முறை வைகாசி விசாகத்துக்குப் பிந்திய செவ்வாய்க்கிழமை.

"செவ்வாய்க்கெழமைக்கு ஒரு கார்ட் கெடைக்குமா தீதி?" என்று பூவை முழம் போட்டுக்கொண்டே கேட்டாள். கேட்ட விதத்தில் ஏதோ கொத்தமல்லி கொசுறு கேட்பது மாதிரி இருந்தது. எனக்கு அன்று ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

ரத்த தானம் என்றால் கொல்கத்தாவில் அது தெருத் திருவிழா. ஒவ்வொரு பாராவிலும், அதாவது பேட்டையிலும், ஒரு கிளப் இருக்கும், அந்த கிளப்பில் எல்லோரும் தாதா, வங்காளியில் அண்ணா, என்று கூப்பிடும் ஒருவர் இருப்பார், அவர் பந்தல் போட்டு மைக் கட்டி, கொடுத்தவருக்கெல்லாம் குடையோ டிபன் டப்பாவோ தந்து அனுப்புவார். எங்கள் சந்தின் கிளப் தாதாவிடம் ஓடினேன். தொப்பையும் தங்கமான மனசுமாக ஐம்பது வயது மனிதர். அவர் கையைப் பிசைந்தார். அவர் ஆட்கள் எல்லோரும் ஏப்ரலில் வங்காளப் புத்தாண்டன்று கொடுத்துவிட்டார்கள். மூன்று மாதம் ஆகாமல் மறுபடி கொடுக்க முடியாது. "பந்தல் என்னுது, மைக் என்னுது, ரத்த வங்கி டாக்டரம்மாவையும் வண்டியையும் நான் கொண்டு வரேன். ரத்தம் மட்டும் உங்களுது" என்றார் வங்காளியில்.

சபாவில் கூட்டம் போட்டோம். என்றைக்கு வைப்பது? நான்தான் சொன்னேன், அதை மறைப்பதில் பிரயோஜனம் இல்லை. "விசாகம் ஞாயித்துக்கிழமை வருது. சால்ட் லேக்ல இருந்துகூட ஜனம் பால்குடம் எடுக்க வரும். வந்த ஜனத்தை அப்படியே புடிச்சுப் படுக்க வெச்சுடலாம்." எல்லோரும் பிரமாதம் என்றார்கள். குருக்கள், "நல்ல நாள், நல்ல காரியம்" என்றார். தலைவர் மாமாவின் பஞ்சாங்கத்தில் விசாகம் சனிக்கிழமையே வந்துவிட்டது. ஆனாலும் பூக்காரிக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு, "அவரோட விசாகத்தன்னிக்கே வெச்சுக்கட்டும்னு சொல்லும்மா" என்றார். நான் சொன்னேன். நாற்பத்து மூன்று பேர் பெயர் கொடுத்தார்கள். நான் வீட்டுக்குத் திரும்பும்போது ஆட்டோவில் பாட்டே பாடினேன்.

ஞாயிறு காலை பத்து மணி. சந்து முழுக்கப் பந்தல். ஒரு ஒலிபெருக்கியில் தாதாவின் அறிவிப்பு, இன்னொன்றில் நாதஸ்வரம். ஹாலில் ஆறு கட்டில். டாக்டரம்மா முப்பது வயதுகூட இருக்காது, கண்ணாடியும் கறாரும். வரிசையில் முதல் ஆள், விபூதிப் பட்டையும் மஞ்சள் வேட்டியுமாக ஒரு ரயில்வே மாமா.

"காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?" என்று டாக்டர் வங்காளியில் கேட்டாள்.

"ஒண்ணும் சாப்பிடலை" என்றார் மாமா பெருமையாக. "விரதம்."

டாக்டர் பேனாவை மூடினாள். வெறும் வயிற்றில் இருப்பவரிடம் ரத்தம் எடுக்க முடியாது, அடுத்தவர் வரலாம் என்றாள். அடுத்தவர் விரதம். அதற்கடுத்தவர் விரதம். நான் வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். நாற்பத்து மூன்று பேர். நாற்பத்து மூன்று விபூதிப் பட்டை. விசாகத்தன்று மாலை அபிஷேகம் முடியும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத ஜனத்தை விசாகத்தன்று ரத்தம் கொடுக்கக் கூப்பிட்ட மகா புத்திசாலி நான். எனக்கே அப்போதுதான் உறைத்தது, நானும் விரதம்.

நியாயமாக அழ வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கக்கூடாது என்று நினைக்க நினைக்க அதிகமாக வந்தது. ஹாலில் அன்று வயிற்றில் ஏதாவது உள்ள ஒரே தமிழர் தலைவர் மாமாதான். அவர் விரதம் சனிக்கிழமையோடு தீர்ந்து, காலையில் பொங்கல் வடை சாப்பிட்டுவிட்டுத் தெம்பாக வந்திருந்தார். "என்கிட்ட எடுத்துக்கோங்கோ" என்று சட்டைக் கையைச் சுருட்டினார். அவருக்கு வயது எழுபத்தொன்று. அறுபத்தைந்துக்கு மேல் எடுக்கமாட்டார்கள்.

வரிசையில் பின்னால் இருந்தவர்கள் நிலைமையைப் புரிந்துகொண்டு பொய் சொல்ல ஆரம்பித்தார்கள். பொய் சொல்லிப் பழக்கம் இல்லாத ஜனம். ஒருவர் இட்லி என்றார். அடுத்தவரும் இட்லி. எத்தனை என்று கேட்டதற்கு அவர் பின்னால் நின்ற மனைவியைத் திரும்பிப் பார்த்தார். மூன்றாமவர் முழுச் சாப்பாடு, அப்பளத்தோடு, என்று சொல்லிவிட்டு எடை மெஷினில் ஏறினார். ஏறிய வேகத்தில் கண்ணைச் சொருகிக்கொண்டு தாதாவின் மேல் சாய்ந்தார். தாதாவின் தொப்பை அன்று ஒரு உயிரைக் காப்பாற்றியது என்று நான் இன்றும் சொல்வேன். மயங்கியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. டாக்டர் மட்டும் கையை உயர்த்தி, இவர்கள் எல்லோரும் என் கண்முன் சாப்பிட வேண்டும், ஒரு மணிவரைதான் வண்டி நிற்கும், அதற்குப் பிறகு மூட்டை கட்டிவிடுவேன் என்றாள்.

சாப்பாடு பிரச்சினையே இல்லை என்று எனக்கு அந்த நிமிஷம் தோன்றியது. அந்தப் பசி மயக்கத்தில் எல்லாமே சுலபமாகத் தோன்றியது. லேக் மார்க்கெட்டைச் சுற்றி எந்தத் தமிழ் வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்தாலும் ஒரு பாத்திரம் இட்லி மாவு இருக்கும். நான் தாதாவின் மைக்கைப் பிடுங்கி, "மாவு இருக்கிறவங்க எல்லாம் உடனே மாவோட சபாவுக்கு வாங்க" என்று அறிவித்தேன். தாதா அதையே வங்காளியில் சொன்னார். பத்தே நிமிஷத்தில் எவர்சில்வர் தூக்கும் ஐஸ்கிரீம் டப்பாவுமாக மாமிகள் வந்து குவிந்தார்கள். பிளாஸ்டிக் வாளியில் மாவோடு ஒரு மாமி ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார்.

நேரத்தை மிச்சம் பிடிக்க எல்லா மாவையும் ஒரே அண்டாவில் கொட்டலாம் என்றேன். சமையலறை அப்படியே நின்றுவிட்டது. ஒரு மாமி தன் தூக்கை மார்போடு அணைத்துக்கொண்டார். "என் மாவு நேத்து அரைச்சது. அவாளோடது புதன்கிழமை மாவு. ரெண்டும் எப்படிச் சேரும்?" புதன்கிழமை மாவுக்காரி சும்மா விடுவாரா. புளிக்காத மாவில் வார்த்தால் அதற்குப் பெயர் இட்லி இல்லை என்றார். எனக்குக் கோபம் வந்தது. ரத்தமே கலக்கிறது, மாவு கலந்தால் என்ன என்று கத்தினேன். அது மருத்துவப்படி தப்பு என்று டாக்டர் ஹாலிலிருந்து சொன்னாளாம், தாதா பிறகு சொன்னார். கடைசியில் தனித்தனித் தட்டில் தனித்தனி மாவு என்று உடன்பாடு ஆயிற்று.

பதினொன்றரைக்கு இலையில் ஆவி பறக்கும் இட்லி. யாரும் உட்காரவில்லை.

அதைத்தான் நான் யோசிக்கவில்லை. மாவு கொண்டு வந்த மாமிகளே விரதம். பசிக்கிறது, மனசும் இருக்கிறது, பூக்காரியின் பெண்ணை எல்லோருக்கும் தெரியும். ஆனால் முருகன் மாடியில் அபிஷேகத்துக்குக் காத்திருக்கும்போது கீழே இட்லியை விண்டு வாயில் போட முதல் ஆளாக யாருக்கும் துணிச்சல் இல்லை. "நீங்க ஆரம்பிங்கோ", "இல்லை நீங்க" என்று இலையைச் சுற்றி நின்றார்கள். நானும் நின்றேன். பெரிய முற்போக்கு மாதிரி பேசுவேன், எனக்கும் கை போகவில்லை. பன்னிரண்டு மணிக்குப் பத்து நிமிஷம். என் சிரிப்பெல்லாம் வடிந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து பூக்காரியின் மகள் உச்சிக்கால மாலையை ஒரு கூடையில் எடுத்துக்கொண்டு வந்தாள். அம்மா கடையை விட்டு வர முடியாதபோது அவள்தான் வருவாள். மாடிக்குப் பதினெட்டுப் படி. ஐந்து படி ஏறி உட்கார்ந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள், உதடு வெளுத்திருந்தது. எழுந்து இன்னும் நாலு படி. மறுபடி உட்கார்ந்தாள். ஹாலில் எல்லோரும் வேறெங்கோ பார்த்தோம்.

மேலேயிருந்து குருக்கள் இறங்கி வந்தார். விசாகத்தன்று அவர் சந்நிதியை விட்டு இறங்கி நான் பார்த்ததில்லை. பாதிப் படியில் அவளிடமிருந்து கூடையை வாங்கிக்கொண்டார். அதை அங்கேயே வைத்துவிட்டு ஹாலுக்கு வந்தார், இலைகளையும் காலிக் கட்டில்களையும் பார்த்தார். பிறகு வழக்கம்போல என் பக்கம் திரும்பினார்.

"அவர்கிட்ட கேளும்மா. அவரோட பஞ்சாங்கத்துல விசாகம் என்னிக்குன்னு."

தலைவர் மாமா எழுந்து நின்றுவிட்டார். இத்தனை வருஷத்தில் குருக்கள் அந்த இன்னொரு பஞ்சாங்கம் இருப்பதையே ஒப்புக்கொண்டதில்லை.

"நேத்தோட ஆயிடுத்துன்னு சொல்லும்மா."

"அப்போ சரி" என்றார் குருக்கள் எல்லோரையும் பார்த்து. "விசாகம் நேத்தே ஆயிடுத்து. இன்னிக்கு விரதம் கெடையாது. எல்லாரும் சாப்பிடுங்கோ."

ஒரு மாமி ஈனக் குரலில், "நேத்து நான் மூணு வேளையும் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டேனே" என்றார்.

"அடுத்த வருஷம் ரெண்டு நாளாச் சேர்த்து இருந்துடுங்கோ" என்றார் குருக்கள்.

அப்போதும் யாரும் உட்காரவில்லை. எல்லோரும் அவர் கையைத்தான் பார்த்தார்கள். அவருக்கும் புரிந்தது. வாக்கியத்தைத் தவிர வேறு எதையும் பிரித்துப் பார்க்காத மனிதர், முதல் இலையின் முன் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தலைவர் மாமா தாமே போய் ஒரு இட்லி எடுத்து வந்து வைத்தார். புதன்கிழமை மாவு இட்லி, கொஞ்சம் புளிப்பு. குருக்கள் ஒரு விள்ளல் பிட்டு, கண்ணை மூடி, வாயில் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஹாலில் நடந்ததை விவரிக்க முடியாது. நாற்பது பேர் ஒரே மூச்சில் உட்கார்ந்தார்கள். சட்னி போதவில்லை, சாம்பார் கேட்டார்கள், யாரோ மிளகாய்ப்பொடி இருக்கிறதா என்றார்கள். டாக்டர் ஒவ்வொரு இலையாக வந்து எட்டிப் பார்த்து எண்ணிக்கொண்டு போனாள். கடைசியில் அவளும் ஒரு இலையில் உட்கார்ந்தாள். தாதா ஒன்பது இட்லி சாப்பிட்டார், அவர் ரத்தம் கொடுப்பதாகவே இல்லை. எங்களுக்கும் இரண்டு பாஞ்சி, அதாவது பஞ்சாங்கம், உண்டு, அதனால் பண்டிகையை இரண்டு நாளும் சாப்பிடுவோம், உங்களுக்கு மட்டும் ஏன் இரண்டு நாளும் பட்டினி என்று கேட்டார்.

முதல் கட்டிலில் குருக்கள் படுத்தார். ஊசி போகும்போது முருகா என்று ஒரே ஒருமுறை சொன்னார். வண்டி ஒரு மணிக்குக் கிளம்பவில்லை, மூன்றுக்குத்தான் கிளம்பியது. முப்பத்தாறு பேர் கொடுத்தார்கள். நான் கொடுக்கவில்லை. சாப்பிட்டுவிட்டு முதல் ஆளாக விரலை நீட்டினேன், ஹீமோகுளோபின் பத்துதான் இருந்தது. கீரை சாப்பிடுங்கள் என்று டாக்டர் என்னை எழுப்பி அனுப்பினாள். காரியதரிசியின் மானம் போயிற்று, சந்தோஷம் போகவில்லை.

கொடுத்தவர்கள் எல்லோரும் கார்டுகளைப் பூக்காரியிடம் தந்தார்கள். அவள் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள். இடுப்பிலிருந்த வாழைநாரை எடுத்து, கார்டுகளின் மூலையில் துளை போட்டு, மாலை கோப்பது போல ஒவ்வொன்றாகக் கோத்தாள். முதலில் கோத்தது குருக்களுடையது. செவ்வாய்க்கிழமை அந்தப் பெண்ணுக்கு ரத்தம் ஏறியது. வியாழக்கிழமை பதினெட்டுப் படியையும் நிற்காமல் ஏறி வந்து, "ரத்தம் ஏத்தினதுலேர்ந்து எனக்கு சாம்பார் பிடிக்கறது மாமா" என்று குருக்களிடம் அளந்தாள். அவர் சிரித்தார். அவருக்கு முன்பல் ஒன்று இல்லை என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

கதை அங்கேயே முடிந்திருந்தால் நான் எழுதியிருக்கமாட்டேன்.

மறு வருஷம் சித்திரை முடியும் நேரம், வெயில் மறுபடி ஏறியபோது பூக்காரியிடம் கார்டு எத்தனை மிச்சம் என்று கேட்டேன். கடைக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருந்த நாரை எடுத்துக் காட்டினாள். ஒரே ஒரு கார்டு. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. முப்பத்தாறு கார்டு, மூன்று வாரத்துக்கு ஒன்று என்றாலும் இன்னும் எத்தனையோ இருக்க வேண்டும். மீதியெல்லாம் எங்கே என்று நடுமார்க்கெட்டில் சத்தம் போட்டேன்.

"அங்க வரிசைல எத்தனை கொழந்தைகள் உக்காந்துண்டிருக்கும் தெரியுமா தீதி. என் கையில மட்டும் மாலையாட்டம் தொங்கினா எப்படி?" என்றாள். "அவா அம்மாக்கள் மூஞ்சியைப் பார்த்துண்டு நான் எப்படி ஆத்துக்கு வருவேன்? குடுத்துட்டேன்."

"உன் பொண்ணுக்கு?"

"இந்தச் செவ்வாய்க்கெழமைக்கு இது இருக்கு." மிச்சமிருந்தது முதலில் கோத்தது, குருக்களுடையது. "அப்பறம் நீங்கள்ளாம் இருக்கேளே" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்கு வாழையிலை நறுக்கப் போய்விட்டாள்.

நேராக மாடி ஏறினேன். குருக்கள் திரி திரித்துக்கொண்டிருந்தார். தலைவர் மாமா அந்த மின்விசிறிக்குக் கீழே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். சொல்லிவிட்டு வழக்கம்போல இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து, கழுத்தைத் தயார் செய்துகொண்டேன்.

குருக்கள் திரியைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்கவில்லை.

"உங்க பஞ்சாங்கத்துல இந்த வருஷம் விசாகம் என்னிக்கு?"

மாமா பழக்க தோஷத்தில் என் முகத்தைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. பேப்பரை நாலாக மடித்தார், எட்டாக மடித்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வெள்ளிக்கிழமை" என்றார் குருக்களைப் பார்த்து. "உங்களோடதுல?"

"வெள்ளிதான்."

"அப்போ முகாம் ஞாயித்துக்கெழமை" என்றார் மாமா.

"ஞாயித்துக்கெழமையே வெச்சுக்கலாம்" என்றார் குருக்கள். "எல்லாரையும் சாப்பிட்டுட்டு வரச் சொல்லுங்கோ."